ஏக்கமா, காய்ச்சலா?

வாசகர் கடிதம்:

"டாக்டர், நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். முப்பது வருடம் சேலம் அம்மாப்பேட்டையில் இருந்தோம். போன மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் காபி, பின்னால் எஸ்டேட். எங்கள் மணிக்கு ஐந்து வயது. தெருவில் குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய். அவன் ஓடியாடட்டும் என்றுதான் இவ்வளவு இடம் உள்ள வீடாகப் பார்த்தோம். வந்த நாளிலிருந்து ராத்திரி முழுக்க இருட்டைப் பார்த்துக் குரைக்கிறான். இரண்டாம் நாள் கேட் திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிவிட்டான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரத்தில் பிடித்து வந்தோம். அப்புறம் ஓரளவு பழகிவிட்டான் என்று நினைத்தேன். இப்போது ஐந்தாறு நாளாகச் சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுப் போகிறான், மூலையிலேயே படுத்துக் கிடக்கிறான். காதுக்குள் நாலைந்து உண்ணி இருந்தது, பிடுங்கிப் போட்டேன். பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி 'நாட்டு நாய்தானே, அவுத்து விடுங்க, தானாப் பழகிக்கும்' என்கிறார். என் கணவர் கட்டியே போடலாம் என்கிறார். மகள், சேலத்துக்கே அனுப்பிவிடு என்கிறாள். பழைய வீட்டு ஏக்கத்தில் நாய் செத்துப்போகுமா?"
ஓய்வு பெற்ற ஆசிரியை, ஏற்காடு

டீச்சரம்மா, வணக்கம்.

ஓடிப்போனது, குரைப்பது, கட்டுவதா விடுவதா என்கிற வீட்டுப் பஞ்சாயத்து, எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் போகிற போக்கில் "நாலைந்து உண்ணி இருந்தது, பிடுங்கிப் போட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் பதில் அதற்குத்தான். மிச்சத்தை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம், முதலில் மணிக்கு ஜுரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாயின் உடம்பு நம்மைவிடச் சூடானது. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். அதனால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது. மெடிக்கலில் கிடைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வாலைத் தூக்கி ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்திப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் ஜுரம். அப்படியே மேலுதட்டைத் தூக்கி ஈறையும் பார்த்துவிடுங்கள். ஈறு வெளிறிப்போய் இருந்தாலோ, ஈறிலோ அடிவயிற்றிலோ குத்திவைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஜுரமே இல்லாவிட்டாலும் ஐந்தாறு நாள் சாப்பிடாத நாய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

என் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா என்று ஒரு நுண்கிருமி இருக்கிறது. நாயைக் கடிக்கும் பழுப்பு உண்ணிதான் அதைச் சுமந்து வருகிறது. கடித்த 8 முதல் 20 நாளுக்குள் ஜுரம் வரும், சோறு இறங்காது, நாய் சுருண்டு படுத்துவிடும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) சரியும். நாய்க்குத் தட்டணு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்க வேண்டும். இந்தக் காய்ச்சலில் அது சில ஆயிரங்களுக்கு இறங்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். இதே உண்ணிகளோடு வரும் இன்னொன்று பபீசியா. அது சிவப்பணுவுக்குள் புகுந்து உடைப்பது. மூத்திரம் கறுப்பது அதனால்தான்.

நீங்கள் மலைக்கு வந்து ஒரு மாதம். சோறு நின்று ஐந்தாறு நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கம் என்றால் வந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் தட்டை ஒதுக்கியிருப்பான். அப்போதெல்லாம் சாப்பிட்டு, ஓரளவு பழகி, அதற்கப்புறம் சோற்றை நிறுத்துகிற நாயிடம் மனசை விட்டுவிட்டு உடம்பைத் தேட வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. மலைமேல் வேலைக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே கீழேயிருந்து குடிவந்த ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பிடவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றார். இடம் புதுசு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று வைட்டமின் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுகக் கொண்டுவந்தார். அந்த நாயைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து "இடம் மாறினதால இருக்கும்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் காது மடலைத்தான் திருப்பிப் பார்க்கிறேன்.

நேரத்தில் கண்டுபிடித்தால் குணமாகிற நோய் இது. டாக்ஸிசைக்ளின் என்கிற மாத்திரை, எடைக்குத் தகுந்த அளவில், வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே வாலாட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பிப்பான். அதோடு மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கிருமி உள்ளேயே தங்கிப் பல மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் நான் செய்ய அதிகம் இருக்காது. பபீசியாவுக்கு மருந்து வேறு. அதனால் நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாமல் ரத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஜுரம்தானே என்று பாராசிட்டமாலோ, வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்வது நாயின் ஈரலையும் குடலையும் கெடுத்துவிடும்.

உண்ணியைப் பிடுங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பெட்ரோல், கெரசின், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். புருவம் திருத்தும் சின்னக் கிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீர் உள்ள டப்பாவில் போடுங்கள். கையால் நசுக்கவே கூடாது. சரி, நாயின் மேல் இருப்பதை எடுத்துவிட்டோம். வீட்டில் இருப்பது? நீங்கள் வருவதற்கு முன் அந்த வீட்டில் யாராவது நாய் வளர்த்தார்களா என்று விசாரியுங்கள். பழுப்பு உண்ணி சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். குஞ்சுகள் சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். பூட்டிக் கிடந்த பழைய மலை வீட்டில் நாயோடு நுழைவது என்பது பசியோடு இருப்பவர்கள் நடுவில் பந்தி விரிப்பது மாதிரி. வெடிப்புகளை சிமென்ட் வைத்து அடையுங்கள். சுவருக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடியுங்கள். மணிக்கு உண்ணி ஒட்டாமல் இருக்க மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்தான். வேப்பெண்ணெய் போதாதா என்று கேட்பீர்கள். நானும் தடவிப் பார்த்தவன்தான். வாசம் போகிறவரை தள்ளி நிற்கும், அவ்வளவே.

இனி அவன் ஓடிப்போன கதைக்கு வருவோம். நீங்கள் ஒன்று எழுதவில்லை, ஆனால் நான் யூகிக்கிறேன்: நீங்கள் அவனைப் பிடித்த இடம் சேலம் போகும் பக்கமாகத்தான் இருந்திருக்கும். பல வருடத்துக்கு முன் இங்கே ஒரு குடும்பம் வந்த அன்றே, பாவம் ஓடியாடட்டும் என்று நாயை அவிழ்த்து விட்டது. மலை முழுக்கத் தேடினார்கள். மூன்றாம் நாள் மலைக்குக் கீழே சேலம் கோரிமேட்டில் ஒரு டீக்கடைக்காரர் பிடித்துக் கட்டிவைத்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் தப்பி, பாதம் நாலும் தேய்ந்துபோய், வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த நாய்க்கு அதிர்ஷ்டம். எல்லா நாய்க்கும் அது வாய்ப்பதில்லை.

நாய்க்கு வீடு என்பது சுவரும் கூரையும் கிடையாது. யார் எப்போது வருவார், எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த மூலையில் என்ன வாசம் என்பதுதான் அதன் வீடு. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் எப்போது தொடங்கும், பால்காரர் எப்போது வருவார், எந்தக் கம்பத்தில் எந்த நாய் மூத்திரம் போயிருக்கும் என்று மணிக்கு அத்துப்படி. இங்கே அந்தக் கணக்கு மொத்தமும் அழிந்துபோய்விட்டது. அவனுக்காக அரை ஏக்கர் பார்த்து வாங்கினீர்கள். சரி. ஆனால் அரை ஏக்கர் அவனுக்கு இன்று வேண்டாம். முதலில் ஒரு மூலை கொடுங்கள்.

அம்மாப்பேட்டையில் அவன் படுத்த சாக்கோ போர்வையோ வைத்திருக்கிறீர்களா? புது வீட்டுக்கு அழுக்கோடு வேண்டாம் என்று துவைத்துப் போட்டிருந்தால், உங்கள் வீட்டுக்காரரின் பழைய பனியன் ஒன்றை, துவைக்காமல், அவன் மூலையில் போடுங்கள். சோறு பழைய தட்டில், பழைய நேரத்தில். தண்ணீரைக்கூட கவனியுங்கள். மேட்டூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த நாய் சில சமயம் ஊற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகும். சேலம் போகிறபோது ஒரு கேன் பிடித்துவந்து கொஞ்ச நாள் கலந்து வையுங்கள். சமையலறைக் கதவுக்கு வெளியே இருபதுக்கு இருபது அடி கம்பி வலை போட்டு அடையுங்கள். அவனுடைய முற்றம் அது. உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறபடி நாள் முழுக்கச் செயினில் கட்டினால், பயந்த நாய் கடிக்கிற நாயாக மாறிவிடும். ஓட வழி இல்லாதபோது பல்லைத்தானே காட்டும்.

உடம்பு தேறியதும் காலையும் மாலையும் கயிற்றோடு நடத்திக் கூட்டிப்போங்கள். முப்பது அடி நூல் கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நைலான் கையைக் கிழிக்கும். கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது. பயந்து பின்னால் இழுக்கும் நாய் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் ஒரே பாதை. அவன் முகரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் பேப்பர் படிப்பதுபோல அவனுக்கு அது. உங்கள் எல்லையோரம் எல்லாம் அவன் காலைத் தூக்கி முடித்தபின் பாதையைக் கொஞ்சம் நீட்டுங்கள். மூன்று மாதமாவது கயிறு இல்லாமல் விடாதீர்கள். சேலத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற எந்தக் கடையிலும் ஒரு சின்ன எவர்சில்வர் வில்லையில் உங்கள் போன் நம்பரை வெட்டித் தருவார்கள். பட்டையில் கோத்துவிடுங்கள். கருத்தடை செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் தேறியபின் செய்துவிடுங்கள். மார்கழி மாதத்து நாய் என்று ஊரில் சும்மா சொல்லவில்லை. அந்த நேரத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெட்டை நாயின் வாசம் வந்தால் உங்கள் கயிறும் வேலியும் நிற்காது.

ராத்திரி இருட்டைப் பார்த்துக் குரைக்கிறான் என்கிறீர்கள். அவனுக்கு அங்கே இருட்டு மட்டும் இல்லை. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை போகும். சுவருக்குள் ஓடும் எலி, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றும் வௌவால் எல்லாம் அவனுக்குக் கேட்கும். காபிப் பழம் தின்ன வரும் மரநாய், கிழங்கு தோண்டும் முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, காட்டெருமை, ஒவ்வொன்றும் வேலியைத் தாண்டுவதற்கு முன்பே வாசமாக வந்துவிடும். ஐந்து வருடம் தெருவிளக்கின் கீழே வாழ்ந்தவன் இதற்கெல்லாம் பெயர் தெரியாமல் குரைக்கிறான். திட்டாதீர்கள், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அவனுக்குப்படும். ராத்திரி வீட்டுக்குள் படுக்கவையுங்கள். உங்கள் அறை வாசலில் ஒரு கட்டையோ பலகையோ போட்டு, மேலே சாக்கு. ஐப்பசிக் குளிரில் சிவப்பு சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். நாய் வெளியே கிடந்தால்தானே காவல் என்று யாராவது சொல்வார்கள். உள்ளேயிருந்து குரைத்தாலும் காவல்தான். சிறுத்தை நடமாடும் எந்த மலையிலும் அதற்குச் சுலபமான இரை வெளியே கட்டிப்போட்ட நாய்தான்.

மேஸ்திரி சொன்னதற்கு நான் குறுக்கே நிற்கிறேன். அவருடைய நாய் இந்த மண்ணில் பிறந்து, தாயின் பின்னால் திரிந்து கற்றது. அப்படிக் கற்காத அதன் கூடப்பிறந்தவை எத்தனை என்று அவரைக் கேளுங்கள். காட்டெருமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் ஒன்று ஆயிரம் கிலோ வரை இருக்கும். மலை நாய் தள்ளி நின்று ரெண்டு குரல் கொடுத்துவிட்டு விலகிவிடும். மணி அதன் காலடிவரை போவான். அது திரும்பினால் அவன் ஓடுகிற இடம் எது தெரியுமா? உங்கள் மடி. பின்னாலேயே அதுவும் வரும். காலைப் பனியில் காபிச் செடிக்கு நடுவே நடக்கும்போது அவன் திடீரென நின்று முடி சிலிர்த்தால், எதைப் பார்க்கிறான் என்று எட்டிப் பார்க்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எஸ்டேட் ஓரங்களில் எலிப் பாஷாணம் இருக்கும், பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி இருக்கும். சில இடங்களில் சட்டத்துக்குப் புறம்பாக, தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் வைக்கிறார்கள். உணவு என்று நினைத்துக் கடித்துத் தாடை சிதறிய நாய்க்குத் தையல் போட்ட கை இது, அதை விவரிக்க விருப்பமில்லை. உங்கள் காபியிலேயே ஒரு விஷயம் உண்டு. இன்னும் சில வாரத்தில் பழம் சிவக்கும். சதை இனிக்கும் என்பதால் சில நாய்கள் தரையில் விழுந்ததைத் தின்னப் பழகிவிடும். பழத் தோல் குவியலையும் கிளறும். ஒன்றிரண்டால் ஒன்றும் ஆகாது. வயிறு நிறையத் தின்றால் அதில் உள்ள கேஃபீன் நாய்க்கு விஷம்: நிலைகொள்ளாமல் அலையும், வாந்தி எடுக்கும், நெஞ்சு படபடக்கும், வலிப்பு வரைக்கும் போகலாம்.

பாம்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். நாயைப் பெரும்பாலும் மூக்கிலும் முன்னங்காலிலும்தான் கடிக்கும், முகரப் போய் வாங்கிக்கொள்வதால். வீங்கினால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள். தூக்கி வண்டியில் வைத்துக் கிளம்பிவிடுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், மனிதருக்குப் போடுவதே நாய்க்கும். மருந்து யாரிடம் இருப்பில் இருக்கிறது என்று இப்போதே இரண்டு டாக்டர்களின் நம்பரை வாங்கி அடுப்படிச் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வெறிநோய் ஊசி வருடம் தவறக் கூடாது. எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் சேர்த்துப் போடும் ஊசி மலையில் அவசியம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரை நக்காத நாய் கிடையாது. லைன் வீட்டு நாய் மணியைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு, அவனுக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மறுபடி ஊசிக்குக் கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் சேலத்தில் யார் வீட்டுக்கு அனுப்புவீர்கள்? அம்மாப்பேட்டை வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். மகள் வீடு மணிக்கு மூன்றாவது வீடு, அதிலும் நீங்கள் இருவரும் இல்லாத வீடு. ஏக்கத்தில் நாய் செத்துப்போகுமா என்று கேட்டீர்கள். நான் பார்த்தவரை, ஏக்கம் நாயை இளைக்கவைக்கும், ஏக்கம் என்று நாம் சும்மா இருந்ததுதான் கொன்றிருக்கிறது.

ஆகவே நாளைக் காலையிலேயே கிளம்புங்கள். ஏற்காட்டு அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள், தட்டணு எண்ணிக்கைக்குச் சேலம் இறங்க வேண்டிவரலாம். நிலைமை மோசமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாயைத் தூக்கவே முடியாத நிலை என்றால் 1962-க்குப் போன் போடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது. வளைவுகளில் வாந்தி எடுப்பான், பின்சீட்டில் பழைய துண்டு விரித்து, கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அடிவாரம் தாண்டிக் கோரிமேடு வந்ததும் எழுந்து நின்று முனகுவான். ஊர் வாசம் தெரிந்துவிடும். அப்போது உங்களுக்கும் மனசு கேட்காது, தெரியும். பழைய தெருவை ஒரு எட்டுக் காட்டிவிட்டு வரலாமே என்று தோன்றும். வண்டியை அம்மாப்பேட்டைப் பக்கம் திருப்பாதீர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு நேரே மலை ஏறி, அவன் மூலையில் படுக்கவைத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் தட்டணு எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.